பிரமுவுக்குச் சங்கம் ஒதுக்கிய நாடி

ஊரெல்லாம் நடக்கத் தொடங்கி, நடந்தவர்களெல்லாம் மணிக்கட்டைப் பார்க்கத் தொடங்கின காலத்திலே, சிற்றாற்றுக்குத் தெற்கே ஆனையடிப்பேட்டை என்று ஒரு ஊர் இருந்தது. அந்த ஊருக்கு ஒரு மைதானம், அந்த மைதானத்துக்கு ஒரு வாசல், அந்த வாசலிலே கொள்ளு சூப்பும் வாழைத்தண்டு சூப்பும் விற்கிற பிரமு என்று ஒருத்தி. பிரமுவுக்கு ஒரே ஒரு மகன், அவன் முறுக்குக் கம்பெனி வேலைக்கென்று வடக்கே போகிற ரயிலில் ஏறினவன், ஏறினவன்தான்.

செண்பகராஜ் என்று பேர் அவனுக்கு. அந்த மைதானத்தைச் சுற்றிச் சுற்றி ஓடி வளர்ந்தவன். போலீஸ் ஆள் எடுப்புக்குப் போனபோது கையைப் பிடித்துப் பார்த்த டாக்டர், ஓடி வந்து நின்ற பையனுக்கு நாடி இவ்வளவு மெதுவாக அடிக்கிறதே என்று இன்னொரு தடவை பிடித்துப் பார்த்துவிட்டு, “குதிரை நெஞ்சுடா உனக்கு” என்றாராம். நெஞ்சு இருந்து என்ன செய்ய, உயரம் போதவில்லை என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். அப்புறம்தான் வடக்கே போனான். முதல் தீபாவளிக்குப் பேசினான், பொங்கலுக்குப் பேசினான், பிறகு போனில் ஒரு இந்திக்காரி மட்டும் பேசினாள். அவள் சொல்லுகிற அந்த ஒரு வாக்கியம், அர்த்தம் தெரியாமலே, பிரமுவுக்கு மனப்பாடம். வருஷம் நாலோ ஐந்தோ போய்விட்டது. மகன் இருக்கிறானா என்று யாராவது கேட்டால், இருக்கான் என்பாள். எங்கே என்று கேட்டால், சூப்பில் உப்பு சரியாக இருக்கிறதா என்று கேட்பாள்.

மைதானத்தில் நடக்கிறவர்களுக்கென்று ஒரு சங்கம் இருந்தது. தலைவர் குற்றாலலிங்கம், மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர், தீர்மானம் போடாமல் தும்மக்கூட மாட்டார். அவர்தான் உறுப்பினர்கள் எல்லோருக்கும் ஒரே மாதிரி வாட்ச் மொத்தமாக வரவழைத்தார். அந்த வாட்சைப் புரட்டிப் பார்த்தால் வயிற்றிலே பச்சையாக ஒரு வெளிச்சம், மின்மினி மாதிரி, விட்டுவிட்டு எரியும். அது தோலுக்குள்ளே இறங்கி, ரத்தம் ஓடுகிறதை எட்டிப் பார்த்து, நெஞ்சு எத்தனை தடவை அடிக்கிறது என்று எண்ணிச் சொல்லும். உட்கார்ந்து பார்த்தால் சரியாகச் சொன்னது, நின்று பார்த்தாலும் சரியாகச் சொன்னது, எல்லோரும் சந்தோஷமாக நடந்தார்கள், வாரம் ஒருமுறை சுண்டல் போட்டார்கள்.

கார்த்திகை மாசத்து ஒரு காலையில் வாட்சுகள் வேறு மாதிரி சொல்லத் தொடங்கின.

நாலு எட்டு வைத்தாலே இரைக்கிற பேங்க் மேனேஜர் ஓடி வந்து பார்த்தால், தூங்குகிற பிள்ளையின் கணக்கு காட்டியது. பூனை மாதிரி மெல்ல நடக்கிற ஹெட்மாஸ்டருக்கு, கிணறு வெட்டுகிறவனின் கணக்கு. நின்றால் அவரவர் கணக்கு திரும்பி வந்தது. கால் நகர்ந்ததும் போய்விட்டது.

“வாரை இறுக்கிக் கட்டும் வே, தொளதொளன்னு கெடக்கு, வெளிச்சம் வெளிய ஒழுகுது” என்றார் ஒருவர்.

“வேர்வைல வழுக்குது.”

“பனி நேரம்லா, தோலுக்கடியில ரத்தம் பம்மிக்கிடும்.”

“நம்ம கறுப்புக்கு அந்தப் பச்சை வெளிச்சம் உள்ள எறங்கவா செய்யும்? வெள்ளைக்காரன் கையைப் பாத்துச் செஞ்ச சாமான்” என்று பால் சொசைட்டி செயலாளர் சொன்னபோது, ஹெட்மாஸ்டர் தன் கையைத் திருப்பிப் பார்த்துக்கொண்டார்.

மருந்துக்கடை மீரான் சொன்னார்: “கை வீசி நடக்கோம்லா, நெஞ்சை விட்டுட்டு அந்த வீச்சைப் பிடிச்சு எண்ணுது. ஓடும்போது இந்த மாதிரி வாட்சுக்கு இது உள்ள கோளாறுதான்.” மீரான் வெளியூர்ப் பந்தயங்களுக்கெல்லாம் போய் ஓடுகிறவர். மார்பிலே கட்டிக்கொண்டால் நெஞ்சடிப்பை எண்ணிச் சொல்லுகிற பட்டை ஒன்று வைத்திருந்தார். அதை ஒவ்வொருவர் மார்பிலும் கட்டி நடக்கவிட்டுப் பார்த்தார். பட்டை ஒன்று சொல்ல, வாட்ச் சம்பந்தமில்லாமல் இன்னொன்று சொன்னது. கை வீச்சின் கணக்குக்கும் அது ஒத்துவரவில்லை. மீரான் தலையைச் சொறிந்தார்.

அப்போதுதான் பால் சொசைட்டி செயலாளரை நாய் விரட்டியது. அவர் மைதானத்தின் அந்தக் கோடியில் வேட்டியை வாரிக்கட்டிக்கொண்டு அலறி ஓட, இந்தக் கோடியில் நிதானமாக நடந்துகொண்டிருந்த மேனேஜர் கையில் எண் விறுவிறுவென்று ஏறியது. நாய் விட்டுப் போனதும் அங்கே அவர் இடுப்பில் கைவைத்து நின்றார், இங்கே எண் மெல்ல இறங்கியது. சந்தேகத்துக்கு இன்னொரு தடவை பார்க்கலாம் என்று நாயை மறுபடி கூப்பிட்டார்கள். மறுபடியும் அப்படியே.

அன்றைக்கு ஊருக்கு விஷயம் விளங்கிவிட்டது. வாட்ச் தப்பாகச் சொல்லவில்லை. நடக்கிற கை தன் நெஞ்சை விட்டுவிட்டு வேறொருத்தர் நெஞ்சைச் சொல்லுகிறது, அவ்வளவுதான். கரண்ட் போனால் யாரும் வானத்தைப் பார்த்து ஏன் என்று கேட்பதில்லை, தீப்பெட்டி எங்கே என்றுதான் கேட்கிறார்கள். அதுபோல ஆனையடிப்பேட்டையும், யார் கையில் யார் என்று மட்டும் தேடத் தொடங்கியது.

அதற்குச் சுமக்கிறது என்று பேர் வைத்தார்கள். “நீரு யாரைச் சுமக்கீரு?” என்பதுதான் காலை வணக்கம் என்று ஆனது. ஹெட்மாஸ்டர் கறிக்கடை சீனிவாசனைச் சுமந்தார். சீனிவாசன் ஞாயிற்றுக்கிழமை ஆட்டுக்குட்டியோடு மல்லுக்கட்டுகிற நேரத்தில் ஹெட்மாஸ்டர் நடையை நிறுத்தி, அந்த ஆட்டுக்காக இரண்டு நிமிஷம் கண்ணை மூடிக்கொள்வார். வரப்புத் தகராறில் கோர்ட்டுக்கு அலைகிற பங்காளிகள் இரண்டு பேர் ஒருவரையொருவர் சுமந்தார்கள். வாய்தாவுக்கு முந்தின நாள் எதிராளியின் நெஞ்சு படபடக்கிறதைத் தன் கையில் பார்த்துப் பார்த்து, ஒருநாள் இரண்டு பேருமே கோர்ட்டுக்குப் போகாமல் வீட்டில் இருந்துவிட்டார்கள். ஒருத்தி தன் புருஷனையே சுமந்தாள், ஒரு வாரம் பார்த்தாள், பிறகு நடக்கவே வருவதில்லை. சுமக்கிறவர் வீட்டில் விசேஷம் என்றால் சுமக்கப்படுகிறவர் வீட்டிலிருந்து தேங்காய் பழத் தட்டு போனது. யாருக்காவது எண் ஒரு மாதிரித் துள்ளினால், சுமக்கிறவர் நடையை விட்டுவிட்டு அந்த வீட்டுக் கதவைத் தட்டி, “ஏ, உக்காரு, உக்காரு” என்றார். வைகாசி வருவதற்குள் இது பழைய வழக்கம் மாதிரி ஆகிவிட்டது. ஆதியிலிருந்தே ஊர் இப்படித்தான் நடந்தது என்று சொல்லப் பெரியவர்கள் சிலர் தயாராகவும் இருந்தார்கள்.

ஆவுடைத்தங்கம் சுமந்தது மட்டும் யாரென்று தெரியவில்லை.

ஆவுடை பீடி சுற்றுகிறவள். காலை மடக்கி, மடியில் தட்டை வைத்துக்கொண்டு, உட்கார்ந்தே நாற்பதைத் தாண்டின உடம்பு. சர்க்கரை வந்துவிட்டது, தினமும் நட என்று டாக்டர் சொன்னதால் நடந்தாள். அவளுக்கு அந்த ஒரு மணி நேரம் பிடித்திருந்தது. வீட்டில் அவளைக் கூப்பிடாத வாய் கிடையாது, மைதானத்தில் யாரும் கூப்பிட மாட்டார்கள். அவள் நடந்தால் கையில் தெரிந்த எண், அவள் எத்தனை வேகமாக நடந்தாலும், மெதுவாக, ஆற அமர, ஐம்பதைத் தாண்டி அறுபதைத் தொடாமல் நின்றது. சங்கத்து ஆட்களை ஒவ்வொருவராகக் குதிக்கச் சொல்லிப் பார்த்தார்கள், எண் அசையவில்லை. தெருத் தெருவாக ஆளைக் கூட்டிவந்து குதிக்கவைத்தார்கள். பூசாரி குதித்தார், வட்டிக்கடைக்காரர் குதித்தார், தாசில்தார் ஆபீஸ் வாட்ச்மேன் குதித்துச் சுளுக்கிக்கொண்டார். அசையவில்லை. வாட்சில் கோளாறோ என்று அதைக் கழற்றி மீரான் கட்டி நடந்து பார்த்தார். அவர் கையில் அவர் வழக்கமாகச் சுமக்கிற தையல்காரர்தான் வந்தார். ஆக, வாட்ச் சுமக்கவில்லை, கைதான் சுமக்கிறது. ஆவுடை சுமக்கிற ஆள் இந்த ஊரிலே இல்லை.

இதை வாசலில் நின்று கேட்டபோது பிரமு கையில் இருந்த அகப்பை சூப்புச் சட்டிக்குள் போய்விட்டது.

“எத்தனைன்னு சொன்னீய?”

“அம்பத்தெட்டு.”

“வேகமா நடந்தாளா, மெல்ல நடந்தாளா?”

“அவ எப்படி நடந்தா என்ன பிரமக்கா, அது அந்த ஆளுக்க கணக்குல்லா.”

பிரமு ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு உள்ளே வந்தாள். பல வருஷமாக வாசலில் நின்றவள், மைதானத்துக்குள் அன்றைக்குத்தான் கால் வைத்தாள். “குதிர நெஞ்சு” என்றாள். “எம்மவன் நெஞ்சு அது.”

உரிமை கேட்டு வேறு ஆட்களும் வந்தார்கள். கம்பவுண்டர் அம்மா, காசிக்குப் போன தன் தம்பி என்றாள். பழைய சினிமா கொட்டகைக்காரர், தன் அப்பா என்றார். செத்தவர்கள் விஷயம் சங்கத்தின் வரம்புக்குள் வராது என்று குற்றாலலிங்கம் அதைத் தள்ளிவிட்டார். மற்றதை முடிவு செய்யப் பொதுக்குழு கூட்டினார்கள். டாக்டர் சொன்ன குதிரை நெஞ்சைப் பற்றிப் பிரமு சொன்னாள். கம்பவுண்டர் அம்மாவுக்குச் சொல்ல ஒன்றும் கிடைக்கவில்லை, தம்பி ரொம்பக் கோபக்காரன் என்பதைத் தவிர. கை தூக்கச் சொன்னார்கள். தூக்கினார்கள். ஆவுடைத்தங்கம் சுமக்கிற நாடி பிரமுவின் மகன் செண்பகராஜுடையது என்று ஏகமனதாகத் தீர்மானம் ஆயிற்று. கைதட்டினார்கள். கூட்டம் முடிந்ததும் எல்லோரும் பிரமுவின் கடையில் சூப் குடித்தார்கள், பிரமு அன்றைக்கு ஊற்றிக்கொண்டே இருந்தாள்.

அதற்குப் பிறகு பிரமுவின் காலைகள் வேறாகிவிட்டன. ஆவுடை சுற்றி வரும்போது பிரமு அடுப்பை விட்டுவிட்டுக் கூடவே நாலு எட்டு ஓடி வந்து, அவள் கையைத் திருப்பிப் பார்ப்பாள். எண் கொஞ்சம் ஏறியிருந்தால், மாடிப்படி ஏறுகிறான் என்பாள். இன்னும் ஏறினால், எண்ணெய்ச் சட்டி முன்னால் நிற்கிறான், அந்த வெக்கைக்கு ஏறத்தானே செய்யும் என்பாள். சடாரென்று ஏறி சடாரென்று இறங்கினால், சிரிச்சிட்டான், கூட வேலை பார்க்கிறவன் என்னவோ சொல்லிவிட்டான் என்பாள். ரொம்ப இறங்கிக் கிடந்தால், இன்னும் எழுந்திருக்கவில்லை, முந்தின ராத்திரி வேலை அதிகம் போல என்று குரலைத் தாழ்த்திக்கொள்வாள், அவன் அங்கேயே பக்கத்தில் பாய் போட்டுத் தூங்குகிற மாதிரி. ஐந்து வருஷமாக வராத சேதியெல்லாம் இரண்டு இலக்கத்தில் வந்து கொட்டியது. போனில் அந்த இந்திக்காரியைக் கூப்பிடுவதை அவள் விட்டுவிட்டாள்.

நின்றால் போய்விடும் என்பதுதான் ஒரே சங்கடம். ஆவுடை நின்றால் அவள் சொந்த நெஞ்சு வந்து அந்த இடத்தில் உட்கார்ந்துகொள்ளும், மகன் போய்விடுவான்.

“இன்னொரு சுத்து வாளா” என்பாள் பிரமு.

“அதுக்கென்னக்கா, நடக்கிறதுதான” என்பாள் ஆவுடை.

ஒரு மணி நேரம் இரண்டு மணி நேரமாயிற்று. காலை மட்டும் நடந்தவள் சாயங்காலமும் நடந்தாள், ஏனென்றால் சாயங்காலம் அவன் என்ன செய்கிறான் என்று பிரமுவுக்குத் தெரிய வேண்டியிருந்தது. பிறகு ஊருக்கும் தெரிய வேண்டியிருந்தது. சங்கத்து ஆட்கள் சாயங்காலம் குடும்பத்தோடு வந்து, புல்லில் துண்டை விரித்து உட்கார்ந்து, ஆவுடை சுற்றி வருகிற ஒவ்வொரு தடவையும், “பையன் எப்படி இருக்கான்?” என்று கேட்டார்கள். நல்லா இருக்கான் என்று கையைத் தூக்கிக் காட்டிவிட்டு ஆவுடை நடந்தாள். பீடித் தட்டு வீட்டில் பாதியில் கிடந்தது. இலை காய்ந்தது. கடைக்காரன் ஏசினான். பீடி சுற்றுகிற கைகளை அப்படியே வீசி வீசி, வெயிலில் நடந்தாள், தூறலில் நடந்தாள், கணுக்கால் வீங்கி, செருப்பு வார் பதிந்து, நடந்தாள். யாரும் கூப்பிடாத அந்த ஒரு மணி நேரம் எங்கே போனதென்று அவளுக்கே தெரியவில்லை.

ஒருநாள் மீரான் அவள் நிறம் சரியில்லை என்று பார்த்து, கம்பவுண்டர் அம்மாவை விட்டு மார்புப் பட்டையைக் கட்டவைத்து ஒரு சுற்று நடக்கவிட்டார். பட்டை சொன்னதைப் பார்த்துவிட்டு நேரே குற்றாலலிங்கத்திடம் வந்தார்.

“அண்ணாச்சி, இவங்க நெஞ்சு பறக்குது. அடி சீராவும் இல்ல. இவங்களை நிறுத்துங்க, டாக்டர்ட்ட கூட்டிட்டுப் போங்க.”

“உம்ம பட்டை ஒத்தை ஆளு வே. எங்க வாட்சு மொத்தச் சங்கமும் கட்டியிருக்கு.”

“அந்த வாட்சு அவங்களைச் சொல்லலைங்கிறதுதான அண்ணாச்சி விஷயமே!”

“தீர்மானம் போட்டாச்சு. பொதுக்குழு கூடாம நான் எப்படி நிறுத்த முடியும்?”

பிரமு இதைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள்.  ஆவுடைக்கு ஊற்றின சூப்பில் மட்டும் மிளகைக் கொஞ்சம் தூக்கலாகப் போட்டு, “குடிளா, இரைப்பு நிக்கும்” என்று கொடுத்தாள். ஆவுடை குடித்தாள். குடித்துவிட்டு நடந்தாள்.

சங்கத்து ஆண்டு விழா ஆவணியில் வந்தது. காலை நேரம், கொடிமரத்தடியில் மேசை போட்டு, மைக் கட்டி, பேங்க் மேனேஜர் கடவுள் வாழ்த்துப் பாடினார். பிரமுவைக் கௌரவ உறுப்பினராகச் சேர்த்துக்கொண்டதாகக் குற்றாலலிங்கம் அறிவித்தார். சால்வை போர்த்தினார்கள். பிறகு ஒரு புது வாட்சை எடுத்து அவள் மணிக்கட்டில், வளையலை மேலே தள்ளிவிட்டு, தானே கட்டிவிட்டார்.

“இப்போ தாயும் மகனைச் சுமக்கிறவளும் சேந்து ஒரு சுத்து வருவாவ” என்றார் மைக்கில். “எல்லாரும் ஜோரா கைதட்டணும்.”

“எனக்கெதுக்கு அண்ணாச்சி இது” என்று கூச்சத்தோடு சொல்லிக்கொண்டே பிரமு நடந்தாள். அடுப்பின் முன்னால் நின்றே பழகின கால். மைதானத்தைச் சுற்றி நடப்பது அவளுக்கு இதுதான் முதல் தடவை. பக்கத்தில் ஆவுடை. ஆவுடையின் கையில் ஐம்பத்தாறு. இன்னும் தூங்குகிறான், இன்றைக்கு லீவு போல என்று நினைத்துக்கொண்டாள் பிரமு. பிறகுதான் தன் கையைப் பார்த்தாள்.

அங்கே நூற்று எழுபது சொச்சம் நின்றது. பார்க்கும்போதே ஏறியது, ஒரு குதி குதித்து இறங்கியது, மறுபடி ஏறியது, கூட்டில் மாட்டின கோழி சிறகடிக்கிற மாதிரி.

“கோளாறா இருக்குமோ?” என்றாள்.

“இறுக்கிக் கட்டலையோ என்னவோ” என்றாள் ஆவுடை. அதைச் சொல்வதற்குள் அவளுக்கு இரண்டு தடவை மூச்சு வாங்க வேண்டியிருந்தது. குனிந்து செருப்பு வாரைத் தளர்த்த நின்றாள். பிரமு நிற்காமல் நாலு எட்டு முன்னால் போனாள். கையில் எண் இறங்கியது. ஆவுடை எழுந்து எட்டிப் பிடிக்க வேகமாக வந்தாள். எண் ஏறியது.

பிரமு திரும்பிப் பார்க்கவில்லை. இது யாருடையது என்று அவள் யாரிடமும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அப்படியும் அவள் உடனே நின்றுவிடவில்லை, அதையும் சொல்லத்தான் வேண்டும். அந்தக் கையில் மகன் தூங்கிக்கொண்டிருந்தான். இந்தக் கையில் அவனைத் தூக்கிக்கொண்டு நடக்கிறவள் துடித்துக்கொண்டிருந்தாள். இன்னும் கொஞ்சம், அந்த வேப்பமரம் வரைக்கும், அவன் எழுந்து பல் தேய்க்கிற நேரம் ஆகிவிட்டது, எழுந்தால் ஏறும், ஏறுகிறதை மட்டும் பார்த்துவிடலாம் என்று நடந்தாள். வேப்பமரம் வந்தது. அந்தக் கம்பி வேலி வரைக்கும் என்று நடந்தாள். புல்லில் இருந்தவர்கள் கைதட்டினார்கள். பையன் எப்படி இருக்கான் என்று ஒரு குழந்தை கேட்டது, ஆவுடை கையைத் தூக்கிக் காட்டினாள். தூக்கின கை பாதியிலேயே இறங்கிவிட்டது. பிரமுவின் கையில் எண் ஒரு கணம் ஒன்றுமே காட்டாமல் கிடந்து, பிறகு வந்தது.

“நில்லுளா” என்றாள் பிரமு.

“என்னக்கா?”

“நில்லு. உக்காரு.”

“நின்னா போயிருவானேக்கா.”

“போட்டும்.”

ஆவுடை அவள் முகத்தைப் பார்த்தாள். நின்றாள். நீளம் தாண்டுகிற மணல் குழியின் சிமெண்டு விளிம்பில் இரண்டு கையையும் ஊன்றி, பாரம் இறக்குகிறவள் மாதிரி, மெல்ல உட்கார்ந்தாள். அவள் கையிலிருந்த ஐம்பத்தாறு போய், அவளுடைய சொந்த எண் வந்தது. அதைப் பார்த்து அவளே பயந்துபோய், வாட்சைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டாள்.

குற்றாலலிங்கம் மைக்கை விட்டுவிட்டு ஓடி வந்தார். “என்ன பிரமு, பாதில நிறுத்திட்டீங்க? விழா நடக்கு.”

“நடந்தது போதும் அண்ணாச்சி.”

“சங்கத்துத் தீர்மானம்னு ஒண்ணு இருக்கு.”

“இருக்கட்டும். நீங்க கட்டிக்கிட்டு நடங்க.”

“என் கையில வேற ஆளுல்லா வாரான்...”

“அப்போ அந்த ஆளைப் பாருங்க. இவ இனி நடக்க மாட்டா. நாளைக்கும் மாட்டா. ஆம்பளைங்க தள்ளி நில்லுங்க, காத்து வரட்டும்.”

மீரான் டாக்டருக்குப் போன் பண்ணினார். பத்து மணிக்கு வரச் சொல்லியிருக்கிறார், அதுவரை அசையாமல் இருக்கட்டும், நெஞ்சு அடங்காமல் போனால் உடனே கூப்பிடச் சொன்னார் என்றார். சுண்டல் கொடுத்தார்கள். சாப்பிட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்று பார்த்தார்கள். நல்லா இருக்கானா என்று கேட்க இனி ஒன்றும் இல்லாததால், வெயிலும் ஏறிவிட்டதால், பேங்குக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நேரமாகிவிட்டதால், துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மைக் செட்காரர் வயரைச் சுருட்டினார். ஆட்டோ கொண்டு வருகிறேன் என்று மீரானும் போனார்.

பிரமு மட்டும் நடந்தாள். நின்றால் ஆவுடையின் நெஞ்சு அவள் கையிலிருந்து போய்விடும், அடங்குகிறதா இல்லையா என்று தெரியாது. அதனால் நடந்தாள். முழங்கால் வலித்தது, சால்வை வழுக்கியது, அதை எடுத்து ஆவுடையின் மடியில் போட்டுவிட்டு நடந்தாள். வாசலில் அடுப்பு அணைந்து சூப்பின் மேல் ஆடை படிந்திருக்கும். ஒவ்வொரு தடவை மணல் குழியைத் தாண்டும்போதும் இரண்டு பேரும் இரண்டு வார்த்தை பேசிக்கொண்டார்கள்.

“எத்தனைக்கா?”

“நூத்தி நாப்பது. பேசாம இரி.”

அடுத்த சுற்றில், “உனக்குக் காலு வலிக்கும்லா, உக்காரேன்.”

“நீ இத்தன மாசம் நடந்தியே, அப்போ நான் சொன்னனா?”

ஆவுடை சால்வையை இழுத்துப் போர்த்திக்கொண்டாள். அடுத்த சுற்றில் தரையைப் பார்த்துக்கொண்டு, “அவன்தானாக்கா அது?” என்று கேட்டாள்.

பிரமு தாண்டிப் போய்விட்டாள். வேப்பமரத்தைச் சுற்றி, கம்பி வேலியைச் சுற்றி, திரும்பி வருகிற வரைக்கும் அந்தக் கேள்வியோடு நடந்துவிட்டு வந்து சொன்னாள்: “யாரா இருந்தாலும் நல்லாத்தான் இருக்கான். நல்லாத் தூங்குதான்.”

எண் நூற்றுக்குக் கீழே வந்தது. துள்ளல் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக, வரிசையாக அடித்தது. அப்போது ஆட்டோ வந்தது. ஆவுடை சால்வையைத் திருப்பிக் கொடுக்கப் பார்த்தாள், பிரமு வாங்கவில்லை. ஏறி உட்கார்ந்து, “வாரேன்க்கா” என்றாள். ஆட்டோ வளைந்து போயிற்று.

பிரமு இன்னும் ஒரு சுற்று நடந்தாள். ஆஸ்பத்திரிப் படி ஏறுகிறாள் போல, கொஞ்சம் ஏறியது. உட்கார்ந்துவிட்டாள் போல, இறங்கியது. யாரோ கையைப் பிடித்துப் பார்க்கிறார்கள் போல, லேசாக ஒரு துள்ளு துள்ளி, அடங்கியது. அடங்கினது அடங்கினபடியே இருந்தது.

அப்புறம்தான் நின்றாள். நின்றதும் பச்சை வெளிச்சம் கொஞ்ச நேரம் தடுமாறித் தேடி, அவளுடைய சொந்த நெஞ்சை எண்ணிச் சொன்னது. பிரமு அதைப் பார்த்தாள். அவளைப் பற்றி யாரும் இதுவரை எண்ணிச் சொன்னதில்லை. களைத்துப்போன ஒரு பொம்பளையின் எண், அவ்வளவுதான். வாசலுக்கு வந்தாள். ஆறின சூப்பைச் செடிக்கு ஊற்றினாள். சட்டியைக் கவிழ்த்து, அகப்பையை உள்ளே போட்டு, சும்மாட்டைச் சுருட்டித் தலையில் வைத்து, அதன்மேல் சட்டியைத் தூக்கி வைத்துக்கொண்டு, வெயிலுக்குள் இறங்கி, ஒரு கையால் சட்டியைப் பிடித்தபடி, ஆவுடையைச் சுமக்கிற மறு கையை வீசாமல் பக்கத்தோடு ஒட்டவைத்துக்கொண்டு, வீட்டைப் பார்த்து நடந்து போனாள்.